கை மாறும் நூல்



வேலூர் ஊரீசு கல்லூரியின் பழைய மாணவர்களுள் ஒருவர் டாக்டர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன். 1888-ஆம் ஆண்டில் பிறந்த அவர் வாலாஜாப்பேட்டையிலும் வேலூரிலும் பயின்று, பிறகு சென்னைக் கிறித்தவக் கல்லூரியை அடைந்தார். பட்டப் படிப்புக்கு எந்தத் துறையை எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்ய வேண்டிய வேளை வந்தது. அதே கல்லூரியில் படித்து முடித்திருந்த உறவினர் ஒருவர், தமக்கு இனித் தேவைப்படாத பாடநூல்கள் மூன்றை அவரிடம் கொடுத்தார். ஒன்று உளவியல், ஒன்று தருக்கம், மற்றொன்று அறவியல். மூன்றும் தத்துவத் துறைக்கு உரியவை. அந்த மூன்று நூல்களே அவருடைய துறையை முடிவு செய்துவிட்டன. பிற்காலத்தில் ஆக்சுபோர்டுப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கியவரும், 1962 முதல் 1967 வரையில் இந்தியக் குடியரசுத் தலைவராக இருந்தவரும் அவரே.

இதை ஊழ் என்று சொல்லிவிடுவது எளிது. நான் அவ்வாறு சொல்ல விரும்பவில்லை. அந்த உறவினர் நூல்களின் பெயர்களை மட்டும் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பொருள் வளம் குறைந்த இளைஞர் அந்தப் பெயர்களை வைத்துக்கொண்டு என்ன செய்திருக்க முடியும்? நூலே கைக்கு வந்தது. அதனால் படிப்பும் வந்தது. கொடுத்தவர் உலகப் புகழ் பெற்றவர் அல்லர். நாட்டின் வரலாற்றில் அவருக்கு ஒரு வரி இடங்கூட இல்லை. ஆயினும் தாம் படித்த நூலை அடுத்தவர் கையில் சேர்த்தார் என்பது போதும், அவரை நான் நினைத்துக்கொள்வதற்கு.

நல்ல நூல்கள் எத்தனையோ இருக்கின்றன. நல்ல வாசகர்களும் எத்தனையோ பேர் இருக்கின்றார்கள். இவ்விரு கூட்டமும் ஒன்றையொன்று அறியாமல் ஒரே ஊரில் வாழக்கூடும். இதை நன்கு உணர்ந்தவர் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன். கணிதம் கற்பித்துக்கொண்டிருந்த அவர், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்றார். 1931-இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளுள் இரண்டு நம் பேச்சுக்கு உரியவை. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கு உரிய நூல் கிடைக்க வேண்டும் என்பது ஒன்று. ஒவ்வொரு நூலுக்கும் அதற்கு உரிய வாசகர் கிடைக்க வேண்டும் என்பது மற்றொன்று. மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல் தோன்றும். முதல் விதி வாசகருக்காக வழக்காடுகிறது. அடுத்தது, அலமாரியில் தூசு படிந்து கிடக்கும் நூலுக்காக வழக்காடுகிறது. அதே 1931-ஆம் ஆண்டில் மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றிச் சிற்றூர்களுக்கு அனுப்பினார். 1948-இல் சென்னை மாகாணத்துக்குப் பொது நூலகச் சட்டம் வந்தது. இன்றும் நம் பெற்றோர் செலுத்தும் வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்ந்தே செல்கிறது. ஆகவே ஊரில் உள்ள கிளை நூலகத்துக்குள் தயங்கித் தயங்கி நுழைய வேண்டியதில்லை. அது நம் வீட்டுப் பணம்.

எனினும் நூலகர் ஒருவரால் ஆயிரம் பேருடைய மனத்தை அறிய முடியாது. உங்கள் பக்கத்து இருக்கையில் அமர்ந்திருப்பவரின் மனத்தை நீங்கள் அறிவீர்கள். நேற்று அவர் எதற்காக வருந்தினார், எதைக் கேட்டுச் சிரித்தார், எந்தப் பாடத்தில் தூங்கினார் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். நூலைப் பரிந்துரைப்பதற்கு அந்த அறிவே முதல் தகுதி. நூலறிவு அதற்கு அடுத்ததே.

இந்த உண்மையை நம் மாவட்டத்துப் பெரியார் ஒருவர் தம் எழுத்தாலேயே காட்டியிருக்கிறார். டாக்டர் மு. வரதராசனாரைச் சொல்கிறேன். 1912-இல் பிறந்த அவருக்கு வாலாஜாப்பேட்டையை அடுத்த வேலம் சொந்த ஊர். திருப்பத்தூரில் பள்ளிப் படிப்பை முடித்துத் தாலுகா அலுவலகத்தில் எழுத்தராக அமர்ந்தார். உடல்நலம் குன்றி, வேலையை விட்டுச் சிற்றூருக்குத் திரும்பினார். அங்கே இருந்துகொண்டு தமிழ் படித்து, கல்லூரிக்குச் செல்லாமலே 1935-இல் வித்துவான் தேர்வு எழுதி முதல் இடம் பெற்றார். பிறகு பச்சையப்பன் கல்லூரியில் ஆசிரியர்; பின்னாளில் மதுரைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். நாவல்களால் புகழ் பெற்ற அவர், கருத்துகளை நேரே சொல்ல விரும்பியபோது மேடையில் நின்று முழங்கவில்லை, கடிதம் எழுதினார். அன்னைக்கு, தம்பிக்கு, தங்கைக்கு, நண்பர்க்கு என்னும் நான்கு நூல்களும் கடிதங்களாக அமைந்தவை. ஊருக்குப் பொதுவாகப் பேசுவதைவிட ஒருவரை முன்னே நிறுத்திக்கொண்டு பேசினால் சொல் நன்றாகச் சென்று சேரும் என்று அவர் அறிந்திருந்தார். நூலைப் பற்றிச் சொல்வதும் அத்தகையதே. யார்க்கு என்று தெரியாமல் சொன்ன பரிந்துரை, முகவரி எழுதாமல் தபால் பெட்டியில் இட்ட கடிதம்.

இனி, பட்டியல் போடுவதைப் பற்றி ஒரு சொல். தமிழில் இதற்கு ஒரு வழக்கே நடந்திருக்கிறது. க. நா. சுப்பிரமணியம் வாழ்நாள் முழுவதும் படித்தவர். படித்தவற்றுள் சிறந்தவை எவை என்று அஞ்சாமல் சொன்னவர். அவருடைய நூல் ஒன்றுக்கு ‘படித்திருக்கிறீர்களா?’ என்பதே பெயர். சிறந்த நாவல்கள் இவை, சிறந்த கதாசிரியர்கள் இவர்கள் என்று அவர் பலமுறை பட்டியலிட்டார். பட்டியலில் இடம் பெறாதவர்களுக்குக் கோபம் வந்தது, அது இயல்பு. ஆனால் வேறு வகையான மறுப்பும் எழுந்தது. சிறந்தது என்று சொன்னால் போதுமா, ஏன் சிறந்தது என்று பிரித்துக் காட்ட வேண்டாமா என்று கேட்டவர் சி. சு. செல்லப்பா. 1959-இல் ‘எழுத்து’ என்னும் இதழைத் தொடங்கிப் பத்து ஆண்டுகளுக்கு மேல் நடத்தியவர் அவர். ஒருவர் சுவையை நம்பினார். மற்றவர் ஆய்வை நம்பினார்.

இவ்வழக்கில் நான் யார் பக்கம் என்று கேட்பீர்கள். அறிஞர்களுக்கிடையே எப்படியோ, மாணவர்களுக்கிடையே செல்லப்பா சொன்னதே எனக்குச் சரியாகப் படுகிறது. ‘நல்ல புத்தகம், படி’ என்று நண்பன் சொன்னால், அந்தச் சொல் காற்றோடு போய்விடும். ‘இதில் ஒரு கிழவி வருகிறாள், அவள் உன் பாட்டியைப் போலவே பேசுகிறாள்’ என்று சொல்லட்டும், மறுநாளே கேட்டு வாங்கிச் செல்வான். காரணம் சிறிதாக இருக்கலாம், ஆனால் இருக்க வேண்டும். செல்லப்பாவிடம் வேறொன்றும் கற்கத் தக்கது. தாம் வெளியிட்ட நூல்களை மூட்டையாகக் கட்டிச் சுமந்துகொண்டு ஊர் ஊராகச் சென்றார். கல்லூரி வாயில்களில் ஏறி இறங்கினார். ஆய்வு ஆய்வு என்று வற்புறுத்திய மனிதர், இறுதியில் நூலைத் தம் தோளிலேயே கொண்டு சேர்த்தார்.

நம் பக்கத்துக்கு வருவோம். வேலூரிலிருந்து ஆம்பூர், வாணியம்பாடி வரையிலும், அப்பால் பேரணாம்பட்டிலும், இந்தப் பக்கம் இராணிப்பேட்டை, மேல்விசாரத்திலும் தோல் தொழிலே பலருக்குச் சோறு போடுகிறது. 2019-இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபின் ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்தில் சேர்ந்துவிட்டன. பாலாற்றங்கரை என்னவோ ஒன்றுதான். இங்கே ஒரு வகுப்பறையில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளுள் சிலர் வீட்டில் தமிழ் பேசுவர். சிலர் உருது பேசுவர். எல்லையோரத்திலிருந்து வருவோர் தெலுங்கு பேசுவர். ஒருவர் வீட்டு அலமாரியில் உள்ள நூலை மற்றவரால் படிக்க இயலாது. இதைக் குறையாகப் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கோ இது கிடைத்தற்கரிய வாய்ப்பாகத் தோன்றுகிறது.

வாணியம்பாடியில் 1919-ஆம் ஆண்டில் தோன்றியது இசுலாமியாக் கல்லூரி. அங்கே நெடுங்காலம் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர் கவிக்கோ அப்துல் ரகுமான். ‘ஆலாபனை’ என்னும் கவிதை நூலுக்காக 1999-இல் சாகித்திய அகாதமி பரிசு பெற்றவர். உருதுக் கவிஞர்கள் போற்றி வளர்த்த கஜல் என்னும் வடிவத்தைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் அவர். ‘மின்மினிகளால் ஒரு கடிதம்’ என்னும் நூல் அதற்குச் சான்று. ஒரு மொழியில் தாம் சுவைத்ததை மற்றொரு மொழிக்காரரிடம் எடுத்துச் சொல்வதும் பரிந்துரைதான். அவர் அதைக் கவிதையாகவே செய்து காட்டினார்.

அவ்வளவு பெரிய செயல் நம்மால் ஆகாது. ஆயினும் இரு மொழிப் பிள்ளைகளும் ஒன்றாகப் படிக்கத் தக்க கதைகள் உள்ளன. முதலில் உருதுவில் எழுதத் தொடங்கிப் பிறகு இந்தியிலும் எழுதிய பிரேம்சந்தின் ‘ஈத்கா’ என்னும் சிறுகதை ஒன்று. தாய் தந்தை இல்லாத ஹமீது என்னும் சிறுவன், பெருநாள் அன்று மூன்று காசோடு திருவிழாச் சந்தைக்குச் செல்கிறான். மற்றப் பிள்ளைகள் மண் பொம்மையும் இனிப்பும் வாங்குகிறார்கள். இவன் ஓர் இரும்பு இடுக்கியை வாங்குகிறான். ரொட்டி சுடும்போது பாட்டியின் விரல் சுட்டுவிடுகிறதே என்ற நினைப்பு அவனுக்கு. கதை இவ்வளவுதான். பாட்டி என்ன செய்தாள் என்பதை நான் சொல்ல மாட்டேன். அதற்காகவே நீங்கள் படிக்க வேண்டும்.

இந்தக் கதையை நான் வகுப்பில் ஒருமுறை சொன்னேன். உருது பேசும் மாணவர் ஒருவர் வீட்டிலிருந்து உருது நூலைக் கொண்டுவந்தார். தமிழ் மொழிபெயர்ப்பை மற்றொருவர் நூலகத்தில் தேடி எடுத்தார். இருவரும் மரத்தடியில் அமர்ந்து வரி வரியாக ஒப்பிட்டனர். பொம்மைகளின் பெயர்கள் பற்றி அவர்களுக்குள் பெரிய சண்டை. அப்படி ஒரு சண்டை நடப்பதைக் கேட்க எந்த ஆசிரியருக்குத்தான் கசக்கும்? பிறகு ஒரு மாணவி அந்தக் கதையை வீட்டில் தாய்க்குப் படித்துக் காட்டினாள். தாய் ஷூ கம்பெனியில் மேல்தோல் தைப்பவர். நம் பக்கத்துக் கம்பெனிகளில் தைப்பவர்களுள் பெரும்பாலோர் பெண்களே. விடியலில் கம்பெனிப் பேருந்தில் சென்று, இருட்டியபின் திரும்புபவர்க்கு அறுநூறு பக்க நாவலைக் கொடுப்பது அறிவுடைமை ஆகாது. அடுப்பில் குழம்பு கொதிக்கும் நேரத்தில் முடிந்துவிடும் கதை அவருக்கு ஏற்றது. மகள் அதைத் தெரிந்து தேர்ந்தெடுத்தாள். தாயோ கதை முடிந்ததும் கேட்டாராம்: ‘அந்த இடுக்கி என்ன விலை சொன்னான், எப்படிக் குறைத்தான், அதை மறுபடி படி.’ விலை பேசி வாங்கிப் பழகியவர்க்கு அந்த இடம்தான் இனித்திருக்கிறது. எனக்கு அது தோன்றியதே இல்லை.

பருத்த நூலுக்கும் வேளை உண்டு. டி. செல்வராஜ் எழுதிய ‘தோல்’ என்னும் நாவல் 2012-இல் சாகித்திய அகாதமி பரிசு பெற்றது. திண்டுக்கல்லில் தோல் பதனிடும் தொழிலாளர் பட்ட பாட்டையும், அவர்கள் ஒன்றுகூடிப் போராடியதையும் சொல்வது அது. நம் ஊரைப் பற்றியது அன்று. ஆனால் சுண்ணாம்புக் குழியும் தோலின் வாடையும் எந்த ஊரில்தான் வேறு? கல்லூரி மாணவர் ஒருவர் தம் தந்தை டேனரியில் வேலை செய்வதை நண்பரிடம் சொல்லாமல் மறைத்து வந்தார். விண்ணப்பத்தில் தந்தையின் தொழில் என்ற இடத்தில் ‘கூலி’ என்று மட்டும் எழுதுவார். அவரிடம் அந்த நூலைக் கொடுத்தேன். அறிவுரை எதுவும் சொல்லவில்லை. ‘இந்த வேலையைப் பற்றி உனக்குத் தெரியும், எனக்குத் தெரியாது, எழுதியிருப்பது சரியா என்று பார்த்துச் சொல்’ என்று மட்டும் கேட்டேன். அதுவே உண்மையும் ஆகும்.

மூன்று வாரம் கழித்து வந்தார். ‘ஐயா, நான் படித்ததைவிட அப்பா கேட்டதுதான் அதிகம்’ என்றார். இரவு உணவுக்குப் பின் சில பக்கங்கள் படிப்பாராம்; தந்தை நடுவே நிறுத்தி, ‘எங்கள் பக்கம் இதை இப்படிச் செய்வோம்’ என்று திருத்தம் சொல்வாராம். ஆவாரம்பட்டை ஊறவைத்துத் தோல் பதனிட்ட பழைய முறையைத் தந்தை அன்றுதான் மகனுக்கு முதன்முதலாக விளக்கினார். இருபது ஆண்டுகளாக ஒரே வீட்டில் இருந்தவர்கள்! அந்த மாணவர் அதன்பின் விண்ணப்பத்தில் என்ன எழுதினார் என்று நான் கேட்கவில்லை. அது அவர் விருப்பம்.

அவரே பிறகு வேறொன்று கேட்டார்: ‘தொழிலாளியின் துன்பம் தெரிந்தது, ஆற்றின் துன்பத்தை எதில் படிப்பது?’ நான் கொடுத்தது கதை அன்று, ஒரு தீர்ப்பு. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 28-8-1996 அன்று அளித்தது. நீதிபதி குல்தீப் சிங் எழுதியது. ஆங்கிலத்தில் உள்ளது, அகராதியை அருகில் வைத்துக்கொண்டால் கல்லூரி மாணவர் படித்துவிடலாம். தோல் தொழில் நாட்டுக்கு அயல்நாட்டுப் பணத்தை ஈட்டித் தருகிறது என்பதை அது மறுக்கவில்லை. தொழில் நடக்கும் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ ஓரளவோ பயிரிடத் தகாததாயிற்று என்ற ஆய்வுக் கணக்கையும் எடுத்து வைக்கிறது. மாசுபடுத்தியவரே அதற்கு ஈடு செய்ய வேண்டும் என்ற நெறியை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியாக அது ஏற்றுக்கொண்டது. ஆலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் தண்டம் விதித்தது. நாவலைத் தனியே படித்தவர் ஒரு பக்கம் சாய்வார். தீர்ப்பைத் தனியே படித்தவர் வேறு பக்கம் சாய்வார். சோறும் தண்ணீரும் ஒன்றோடொன்று மோதும் ஊரில் பிறந்தவர் இரண்டையும் படித்தல் நலம். அந்த மாணவரும் தந்தையும் இதைப் பற்றி இன்னும் வாதிட்டுக்கொண்டிருப்பதாகக் கேள்வி.

நூலைக் கொடுப்பவர் கவனிக்க வேண்டிய சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். எத்தனை பக்கம், எந்த இடத்தில் சற்றுச் சலிப்புத் தட்டும் என்பதை முன்னரே சொல்லிவிடுங்கள். ‘முதல் ஐம்பது பக்கம் மெல்லச் செல்லும், பொறுத்துக்கொள்’ என்ற ஒரு சொல், பாதியில் மூடி வைக்கப்படும் பல நூல்களைக் காப்பாற்றும். பிடிக்கவில்லை என்று நண்பர் திருப்பிக் கொடுத்தால் முகம் சுளிக்காதீர்கள். ஏன் பிடிக்கவில்லை என்று கேளுங்கள். அதற்கு அவர் சொல்லும் விடையிலிருந்து அடுத்த நூல் எது என்பது தெரிந்துவிடும். நீங்கள் படிக்காத நூலைப் பெயருக்காகப் புகழ்வது மட்டும் வேண்டா. இக்காலத்தில் கைப்பேசியைத் திறந்தால் படிக்க வேண்டிய நூறு நூல்கள் என்று பட்டியல்கள் வந்து குவிகின்றன. அவற்றை எழுதியவர் நூறையும் படித்தாரா என்று எப்படி அறிவது? படித்தவர் ஒரு நூலைப் பற்றிச் சொன்னால் குரலிலேயே தெரிந்துவிடும்.

கொடுத்த நூல் திரும்பி வருவதில்லை என்பது எல்லாரும் சொல்லும் குறை. எங்கள் வகுப்பில் இதற்கு எளிய வழி ஒன்று வைத்திருந்தோம். நூலின் பின் அட்டை உட்புறத்தில் ஒரு தாளை ஒட்டிவிடுவோம். படித்தவர் தம் பெயரும் நாளும் எழுதி, ஒரே ஒரு வரி எழுத வேண்டும். புகழ்ச்சியாக இருக்க வேண்டும் என்பதில்லை. ‘நடுவில் தூங்கிவிட்டேன்’ என்று எழுதியவரும் உண்டு. பிறகு நூலைத் தாமே தேர்ந்த ஒருவரிடம் கொடுத்துவிட வேண்டும். என்னிடம் திருப்பித் தர வேண்டியதில்லை. நூலுக்கு உரியவர் யார் என்பது சில மாதங்களில் எல்லார்க்கும் மறந்துவிடும். விலை கொடுத்து வாங்கியவர்க்கு அது சிறிது வருத்தமே. எனக்கும் தொடக்கத்தில் இருந்தது.

‘தோல்’ நாவலின் தாளில் கடைசியாக நான் பார்த்தபோது பதினொரு பெயர்கள் இருந்தன. நான்கு பெயர்கள் உருது எழுத்தில். இரண்டாம் பெயர் என் மாணவருடையது. அடுத்ததாக ஒரு பெரியவரின் நடுங்கும் கையெழுத்து. கீழே ஒரு வரி: ‘பட்டைத் தண்ணீர் பற்றி இன்னும் எழுதியிருக்கலாம்.’ இப்போது அந்த நூல் பேரணாம்பட்டில் யாரிடமோ இருக்கிறது.